பதினோரு நீல மூடிகள்

அவள் விற்றது மூடி. பாத்திரம் இல்லை, பாட்டில் இல்லை, டப்பா இல்லை. வெறும் மூடி.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் வேலைக்கு நடுவே சாப்பிட உட்கார்ந்தவனின் கை தவறி, டிபன் பாக்ஸ் மூடி ஒன்பதாவது மாடியிலிருந்து லிஃப்ட் குழிக்குள் விழுந்து நசுங்கிப்போனது. மூடி மட்டும் வேண்டும் என்று அவள் எட்டுக் கடை ஏறி இறங்கினாள். "மூடி மட்டுமா? அதெல்லாம் தர்றதில்ல. டப்பாவோட வாங்கிக்குங்க" என்றார்கள் எட்டுப் பேரும், ஆளை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கேட்டவளைப் பார்ப்பதுபோல. அன்றுதான் அவளுக்கு உறைத்தது, எத்தனை வீட்டில் எத்தனை பாத்திரங்கள் தலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் என்று.

அப்படித்தான் அந்த ஆன்லைன் கடை பிறந்தது. மூன்றாவது மாடியில் அவர்கள் குடியிருந்த வீட்டின் இரண்டாவது அறை முழுக்க இரும்பு அலமாரி. அதில் ஆயிரத்து நானூறு வகை மூடி. குக்கர் மூடி, பிளாஸ்க் மூடி, தேயிலை டப்பா மூடி, தண்ணீர் பாட்டில் மூடி, கம்பெனியே செத்துப்போன பிறகும் சாகாமல் இருந்த மிக்ஸி ஜார்களின் மூடி. தெருவில் அவளுக்கு மூடியக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. "உலைவாய்க்கு மூடி இருக்கு, ஊர்வாய்க்கு இருக்கா அக்கா?" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவரும் அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்கள். அவளும் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்துவைப்பாள். தொழில் என்றால் இதெல்லாம் உண்டுதானே.

ஆறு வருஷம் தொந்தரவில்லாமல் ஓடியது. ஏழாவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த ஆர்டர் வந்தது.

இருநூற்று நாற்பது குக்கர் மூடி. எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இருப்பதிலேயே விலை கூடிய ரகம். அன்றைக்கே அனுப்ப வேண்டுமாம். பணம் கட்டிய கார்டு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. வாங்குகிறவர் ஓர் ஆண். மெயில் முகவரியோ பூனை கீபோர்டில் நடந்ததுபோல இருந்தது. அவள் அதிலிருந்த நம்பருக்கு போன் போட்டாள். அப்படி ஒரு நம்பரே உபயோகத்தில் இல்லை என்றது. தினமும் பார்சல் எடுக்க வரும் கூரியர்காரரிடம் முகவரியைக் காட்டினாள்.

"அக்கா, இது பெட்ரோல் பங்க். மூடி மூணு வருஷமாச்சு" என்றார் அவர். "அங்க இப்ப ஒரு நாய்தான் குடியிருக்கு. அது குக்கர்ல சமைக்கிற மாதிரி தெரியல."

சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதற்கென்றே நம்பக வாரியம் இருந்தது. சின்னச் சின்ன ஆன்லைன் கடைகளையும் அவற்றின் வாடிக்கையாளர்களையும் மோசடியிலிருந்து காப்பதற்காக உண்டாக்கப்பட்டது அது. அதன் முத்திரை இல்லாத கடைக்கு எந்த கார்டிலிருந்தும் பணம் வராது. வாரியத்தின் இணையப் பக்கத்தில் 'சந்தேகம் தெரிவிக்க' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள். முப்பத்து நான்கு கேள்விகள் வந்தன. 'சந்தேகம் எத்தனை மணிக்குத் தோன்றியது?' என்பது ஏழாவது. 'தோன்றுவதற்கு முன்பு உங்களுக்கு அந்தச் சந்தேகம் இருந்ததா?' என்பது எட்டாவது. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதி அனுப்பிவிட்டு, மூடிகளை அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.

நாலு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்த ஆர்டருக்கு வாரியம் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு கொடுத்திருந்தது. வாடிக்கையாளர் எழுத்துப்பிழை இல்லாமல் முகவரி எழுதியிருக்கிறார். நாற்பது விநாடியில் பணம் கட்டியிருக்கிறார். விலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. 'தயக்கமற்ற இத்தகைய வாடிக்கையாளர்களே வணிகத்தின் முதுகெலும்பு. ஆறு மணி நேரத்துக்குள் பொருளை அனுப்பாவிடில் தங்கள் நம்பக மதிப்பெண் குறையும்' என்று முடிந்திருந்தது.

மதியம் சாப்பிட வந்த கணவனிடம் காட்டினாள்.

"அனுப்பாத" என்றான் அவன். "லிஃப்ட்ல சின்னதா ஒரு சத்தம் வந்தாக்கூட நான் நிறுத்திடுவேன். உள்ள யார் இருந்தாலும் சரி."

"உங்க லிஃப்டுக்கு வாரியம் கிடையாது" என்று சொல்லிவிட்டு, அவள் இருநூற்று நாற்பது மூடிகளையும் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றத் தொடங்கினாள்.

நீங்கள் நினைத்ததுதான் நடந்தது. அடுத்த மாதமே, வேறு ஊரில் பல் மருத்துவம் பார்க்கும் ஓர் அம்மாள், தன் கார்டில் யாரோ குக்கர் மூடி வாங்கியிருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தார். பணம் அவரிடம் திரும்பிப் போனது. அதுவும் நியாயம்தான். மூடி போன இடம் நாய்க்குக்கூடத் தெரியாது. மூடியக்காவுக்கு வாரியத்திடமிருந்து பதிவுத் தபால் வந்தது. 'சந்தேகம் இருந்தும் பொருளை அனுப்பிய' குற்றத்துக்காக அவள் கடையின் முத்திரை பச்சையிலிருந்து மஞ்சளாக மாற்றப்படுகிறது. இணைப்பாக ஓர் ஆதாரமும் வைத்திருந்தார்கள். அது அவளே எழுதி அனுப்பிய முப்பத்து நான்கு பதில்கள்.

அவள் வாரியத்துக்கு போன் போட்டாள். ஐம்பது நிமிஷம் ஒரு பெண்குரல் 'உங்கள் நம்பிக்கைக்கு நன்றி' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதன்பிறகு பிரிவு அலுவலர் ஒருவர் பேசினார். தங்கமான குரல்.

"சந்தேகம்னு நீங்கதானேம்மா எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் ஏன் அனுப்புனீங்க?"

"நீங்கதானே சார் அனுப்பச் சொன்னீங்க?"

"நாங்க எங்கம்மா சொன்னோம்? மார்க் குறையும்னு சொன்னோம். அது ஒரு தகவல்."

"அனுப்பாம இருந்திருந்தா?"

"மார்க் குறைஞ்சிருக்கும்."

"இப்ப அனுப்பிட்டேன். இப்ப என்ன ஆச்சு?"

"மார்க் குறைஞ்சிருக்கு" என்றார் அவர், பொறுமையாக. "பாருங்க, ரெண்டு வழியிலயும் ஒரே மாதிரிதான் நடந்துக்கிறோம். எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது."

மஞ்சள் முத்திரை வாங்கியவர்கள் எல்லாரும் ஒருநாள் பயிற்சிக்கு வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு, சிவப்பு என்றால் கடையை மூட வேண்டியதுதான். வாரியத்தின் கட்டடம் முழுக்கக் கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது, பார்க்கிறவர் முகம்தான் தெரியும். ஏழாவது மாடி அரங்கத்தில் அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மெழுகுவத்தி செய்து விற்கும் இரட்டையர், பறவைக்கூண்டு விற்பவர், பழைய புத்தகக்காரர். எல்லாரும் ஆசிரியர் வராத வகுப்பைப்போல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இயக்குநர் வந்தார். நடையிலேயே ஒரு முன்னுரை இருந்தது.

"நண்பர்களே" என்று ஆரம்பித்தார். "நம் வாரியம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் ஒரே ஒரு தவறுகூடச் செய்ததில்லை. எப்படி என்று கேட்பீர்கள். தவறு செய்ய வேண்டுமென்றால் முடிவெடுக்க வேண்டும். நாம் எந்த முடிவும் எடுப்பதில்லை. மதிப்பெண் போடுவது இயந்திரம். இயந்திரமும் தவறு செய்யாது. அது பரிந்துரை மட்டுமே செய்கிறது. முடிவெடுப்பது யார்? நீங்கள்! அந்தச் சுதந்திரத்தை உங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியதற்காகத்தான் இன்று நீங்கள் எல்லாரும் இங்கே வந்திருக்கிறீர்கள்."

அரங்கத்தில் கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் வாரிய ஊழியர்கள்.

"கடந்த ஆண்டு மோசடி இருமடங்காகியிருக்கிறது. சிலர் இதைக் குறை சொல்கிறார்கள். நான் சொல்கிறேன், இது நம் வளர்ச்சி. மோசடி இல்லாத நாட்டில் நம்பக வாரியத்துக்கு என்ன வேலை? ஏழு மாடி எதற்கு?" அவர் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "இன்று ஒரு விதியை மட்டும் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளர்மேல் சந்தேகம் வந்தால், எந்தக் காரணம் கொண்டும் அவரிடமே கேட்காதீர்கள். போன் செய்யாதீர்கள். கேட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் அபாயம் இருக்கிறது."

பழைய புத்தகக்காரர் கை தூக்கினார். "தீர்ந்தா நல்லதுதானே ஐயா?"

"தீர்ந்துபோன சந்தேகத்தை எந்தப் படிவத்தில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார் இயக்குநர். புத்தகக்காரர் கையை இறக்கிக்கொண்டார். மற்றவர்கள் மறுபடியும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுத்தார்கள். இனிமேல் மஞ்சள் முத்திரைக் கடைகள் மாதம் ஒரு சந்தேகமாவது தெரிவிக்க வேண்டும். சந்தேகமே வராத கடை சந்தேகத்துக்குரியது.

அந்த மாதம் மூடியக்காவுக்குச் சந்தேகமே வரவில்லை. மூடி வாங்குகிறவனை என்னவென்று சந்தேகப்படுவது? பிளாஸ்க் மூடி ஒன்று, ஜார் மூடி இரண்டு, தேநீர்க் கெண்டி மூடி ஒன்று என்று யோக்கியமான ஆர்டர்களாகவே வந்து தொலைத்தன. மாதக் கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குக் கெடு. நாலு மணிக்கு முத்திரை மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கு நகர்ந்து, விட்டு விட்டு மினுக்கத் தொடங்கியது. அவள் பழைய ஆர்டர்களைப் புரட்டினாள். ஆறு வருஷ உழைப்பு அது. இரண்டாவது அறை. ஆயிரத்து நானூறு மூடி.

அதில் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஓய்வுபெற்ற நில அளவையாளர் என்று அவரே பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டிருந்தார். எட்டு மாதத்தில் பதினோரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரே மூடி. இப்போது கடைகளில் கிடைக்காத ஒரு பழைய தண்ணீர் பாட்டிலின் நீல மூடி. ஒவ்வொரு ஆர்டரிலும் குறிப்பு என்ற இடத்தில் ஒரே வரி இருந்தது: 'மூடி தொலைந்துவிட்டது. சிரமத்துக்கு வருந்துகிறேன்.'

அந்த வருத்தத்துக்காகவே அவள் அவர் பார்சலை மட்டும் இரண்டு சுற்றுக் கூடுதலாகச் சுற்றுவாள். அன்றைக்கு அந்த வரியை வேறு கண்ணால் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அதில் சந்தேகம் சுரந்தது. ஒரு மனுஷன் பதினோரு மூடி தொலைப்பானா? இத்தனை மரியாதை எதற்கு? பெரியவர்தானே, ஒரு விளக்கம் கேட்பார்கள், சொல்லிவிடுவார், யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாலே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினாள். முப்பத்து நான்கு கேள்விக்கும் இந்தத் தடவை மளமளவென்று பதில் வந்தது.

உண்மையான திருடனுக்கு நாலு மணி நேரம் யோசித்த வாரியம், இதற்கு ஏழே நிமிஷத்தில் பதில் போட்டது. 'வாழ்த்துகள்! தங்கள் விழிப்பைப் பாராட்டுகிறோம்.' முத்திரை பச்சையானது. பக்கத்தில் ஒரு பூவும் போட்டிருந்தார்கள்.

மூன்று வாரம் போயிருக்கும். பார்சல் எடுக்க வந்த கூரியர்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.

"அந்த நீல மூடி ஐயா வீட்டுக்கு இப்பல்லாம் ஒண்ணுமே போறதில்லக்கா. கடை கடையா பிளாக் பண்ணி வெச்சிருக்காங்க. மாத்திரை பார்சல்கூட வாசல் வரைக்கும் போய்த் திரும்பிடுச்சு. ஏதோ வாரியத்து முத்திரை."

அவள் பழைய ஆர்டரிலிருந்து அவர் முகவரியைக் குறித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் ஐந்து நீல மூடிகளைப் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அந்த வீட்டுக்குப் போனாள்.

முதல் மாடி. கதவுக்கு வெளியே இரண்டு ஜோடிச் செருப்பு ஸ்கேல் வைத்து அடுக்கியதுபோல இருந்தது. திறந்தவர் உயரமான பெரியவர். அவள் இன்னாரென்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

"மூடிக் கடையா? நீங்களேவா? உள்ள வாங்கம்மா. எவ்வளவு பத்திரமா சுத்தி அனுப்புவீங்க!"

ஜன்னல் ஓரத்து நாற்காலியில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. கைகள் மடியில் எதையோ திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தன. மடியில் ஒன்றும் இல்லை.

"ஞாபகம் போய் ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார் பெரியவர், தேநீர் டம்ளரை அவளிடம் நீட்டியபடி. "எல்லாம் மறந்துட்டா. என்னையும்தான். ஆனா அந்தப் பாட்டில் மட்டும் ஞாபகம் இருந்துச்சு. வேலைக்குப் போன காலத்துலருந்து வெச்சிருந்தது. அதுல குடுத்தா குடிப்பா. வேற எதுல குடுத்தாலும் துப்பிடுவா. குடிச்சு முடிச்சதும் மூடியை எங்கேயாவது ஒளிச்சு வெச்சிடுவா. மூடி இல்லன்னா அது அவ பாட்டில் இல்ல, தொட மாட்டா. அதான் மாசா மாசம் உங்களைத் தொந்தரவு பண்ணிட்டிருந்தேன்."

"இப்ப..." என்றாள் அவள்.

"ரெண்டு பேர் வந்தாங்கம்மா, வாரியத்துலருந்து. வீடு முழுக்க சோதனை போட்டாங்க. தலையணை உறைக்குள்ள, பூந்தொட்டி மண்ணுல, என் ஷூவுக்குள்ள, பழைய ரேடியோவுக்குள்ளன்னு ஒன்பது மூடி எடுத்தாங்க. நானே தேடிக் கிடைக்காதது. பரவாயில்லையேன்னுகூட நினைச்சேன். பாட்டில் மேல ஒண்ணு, ஆக மொத்தம் பத்து. பதினொண்ணாவது எங்கன்னு கேட்டாங்க. முப்பத்தெட்டு வருஷம் நிலம் அளந்தவன் நான். ஒரு அங்குலம் விட்டதில்ல. ஒரு மூடிக்குக் கணக்குச் சொல்ல முடியல." அவர் சிரிக்கப் பார்த்தார். "அது கிடைக்கிற வரைக்கும் விசாரணை நடக்குமாம். பத்தையும் தடயம்னு எடுத்துக்கிட்டாங்க. பாட்டிலோட."

அவள் பையிலிருந்து ஐந்து மூடிகளையும் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

பெரியவர் அவற்றை ஒரு நேர்கோட்டில் அடுக்கினார். "மூடி இருக்கும்மா" என்றார். "பாட்டில்தான் இல்ல."

அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு வாடிக்கையாளரைப் பார்த்ததில்லை. புகார் கொடுத்தது நான்தான் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாள். பெரியவர் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார். அவள் ஒரு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே வாரியத்துக்குத்தான் போனாள். நாலாவது மாடியில் அந்தத் தங்கக் குரல் அலுவலர் உட்கார்ந்திருந்தார். முகமும் குரலைப் போலவே இருந்தது.

"சந்தேகத்தைத் திரும்ப வாங்கிக்கணும் சார்."

"தாராளமா. அதுக்குப் படிவம் இருக்கு" என்றார். "சந்தேகத்துக்கு ஆளானவர் தன் கணக்குக்குள்ள போய் அதை நிரப்பணும்."

"அவர் கணக்கைத்தான் முடக்கி வெச்சிருக்கீங்களே?"

"சந்தேகம் இருக்குதேம்மா."

"சந்தேகம் போகணும்னா?"

"அந்தப் படிவத்தை நிரப்பணும்."

"சார், அந்தம்மா தண்ணி குடிக்கிறதில்ல. பாட்டிலையாவது குடுங்க."

"தடயத்தை எப்படிம்மா குடுக்க முடியும்? பதினொண்ணாவது மூடி வந்தா கேஸ் முடியும். நீங்க வேணா புதுசா ஒண்ணு குடுத்துப் பாருங்களேன்" என்றவர், உடனே சுற்றுமுற்றும் பார்த்தார். "வேண்டாம் வேண்டாம். அது பன்னிரண்டாவது ஆயிடும்."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பொய் சொன்னேன் சார். எனக்குச் சந்தேகமே வரல. மாசத்துக்கு ஒண்ணு எழுதணும்னு எழுதிக் குடுத்தேன். இதை எழுதிக்குங்க. கையெழுத்துப் போடறேன்."

அலுவலர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, எனக்கு அக்கா மாதிரி இருக்கீங்க, அதனால சொல்றேன். எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க. நான் மட்டும் என்ன, எங்க மேலதிகாரி மாசம் எத்தனை பிடிச்சேன்னு என்கிட்ட கேட்கறதில்லையா? இதையெல்லாம் வெளிய பேசக் கூடாது. அதுவும் நீங்க பேசவே கூடாது. இந்த வருஷம் முதல் பரிசு உங்க கேஸுக்குத்தான். லெட்டர் நாளைக்கு வரும்."

மறுநாள் வந்தது, பரிசளிப்பு விழாவுக்கான அழைப்பிதழோடு.

வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அழைப்பிதழை வாங்கிப் படித்தான். பிறகு, "போகாத" என்றான். கொஞ்சம் யோசித்து, "பாட்டில் எங்க வெச்சிருக்காங்கன்னு தெரியுமா?" என்று கேட்டான். அழைப்பிதழில் அதற்கும் பதில் இருந்தது. 'விழா அரங்கில் தடயக் கண்காட்சி நடைபெறும்.' அவள் போவதென்று முடிவு செய்தாள்.

விழா பத்து நாள் கழித்து, அதே ஏழாவது மாடியில். மேடை ஓரத்தில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் வெல்வெட் துணி, துணிமேல் பாட்டில். சுற்றிலும் ஒன்பது நீல மூடிகள் வட்டமாக வைக்கப்பட்டிருந்தன. வந்தவர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஒரு தாய் தன் மகளிடம், "பாத்தியா, பாத்தா எவ்வளவு சாதாரணமா இருக்கு!" என்றாள்.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "இருநூற்று நாற்பது குக்கர் மூடிகள் போன ஒரு வழக்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தத் திருடன் அகப்படவில்லை. ஏன்? அவனுக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாதவனை வாரியம் எங்கே போய்ப் பிடிக்கும்? ஆனால் நீல மூடி வழக்கில் குற்றவாளி தன் பெயர், தொழில், வீட்டு எண், மாடி எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார். பதினெட்டே நாளில் பிடித்துவிட்டோம். இதிலிருந்து தெரிவது என்ன? நேர்மையானவர்கள் ஒத்துழைத்தால் வாரியத்தால் முடியாதது எதுவும் இல்லை!"

அவள் கழுத்தில் சிவப்பு நாடாவில் கோத்த பதக்கத்தைப் போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

"அது ஒரு வயசான அம்மா தண்ணி குடிக்கிற பாட்டில்" என்றாள் அவள். "அவங்களுக்கு ஞாபகம் இல்ல. மூடியை ஒளிச்சு வெச்சிடுவாங்க, அவ்வளவுதான். அந்த ஐயா ஒரு தப்பும் பண்ணல. என் கடையைக் காப்பாத்திக்க நான்தான் அவர்மேல பொய்யா எழுதிக் குடுத்தேன்."

இயக்குநர் மெல்ல வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இதுதான் பண்பு" என்றார். "குற்றவாளியின் குடும்பத்துக்காகவும் இரங்குகிற மனம். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற தன்னடக்கம். இப்படிப்பட்டவர்களால்தான் நமக்கு ஏழு மாடி போதவில்லை."

கூரை அதிரக் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் ஓயுமுன் அவள் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தாள். பூட்டியிருக்கவில்லை. பாட்டிலை எடுத்தாள். மூடியோடு மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி, நடுப்பாதை வழியாக நடந்தாள். விழாவில் இதுவும் ஓர் அங்கம் என்று நினைத்துப் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். வாசல் காவலாளி சிவப்பு நாடாவைப் பார்த்துவிட்டு சல்யூட் அடித்துக் கதவைத் திறந்துவிட்டார். மறுநாள் அவள் கடைக்குச் சிவப்பு முத்திரை விழுந்ததும், அவள்மேல் தடயத் திருட்டு வழக்குப் போட்டதும், பதக்கத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்ததும் எல்லாம் பின்னால் நடந்தவை. அன்றைக்கு அவள் அதையெல்லாம் நினைக்கவில்லை. முதல் பஸ் தாமதமானது. இரண்டாவதற்குக் காத்திருக்க மனமில்லாமல் மீதித் தூரத்தை ஓட்டமும் நடையுமாகக் கடந்தாள்.

கதவு திறந்தே இருந்தது. அந்த அம்மா நாற்காலியில் இல்லை, கட்டிலில் படுத்திருந்தார். புறங்கையில் ஊசி குத்திய இடம் ஊதாவாகக் கன்றியிருந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக் குழாய் வழியாகத் தண்ணீர் ஏற்றி, முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிண்ணத்திலிருந்து ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக உதட்டில் விட்டுக்கொண்டிருந்தார்.

மூடியக்கா சமையலறைக்குப் போய்ப் பாட்டிலைக் கழுவினாள். வாரியம் ஒட்டியிருந்த எண் சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். தண்ணீர் நிரப்பினாள், நீல மூடியைத் திருகினாள், கட்டிலருகே மண்டியிட்டு நீட்டினாள்.

அந்த அம்மா பாட்டிலைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் மூடியைத் தடவியது. திறக்கவில்லை.

"அழகா இருக்கு" என்றார். "யாரோடது?"

"உங்களுதுதாம்மா."

"நம்மளுது இல்ல." பாட்டிலை மெதுவாக அவளிடமே திருப்பிக் கொடுத்தார். "யாரோ தவறவிட்டிருக்காங்க. தேடிட்டிருப்பாங்க, பாவம். கொண்டுபோய்க் குடுத்துடும்மா."

அவள் பாட்டிலை வாங்கிக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். குனிந்திருந்தவளின் கழுத்திலிருந்து எதுவோ தொங்கி ஆடியது. கழற்ற மறந்த பதக்கம். பெரியவர் கை நீட்டி அதைப் பிடித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நிலப் பத்திரம் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்: 'சிறந்த விழிப்பாளர். நீல மூடி வழக்கு.' பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை, கீறிவிடக் கூடாது என்பதுபோல, மெல்ல விட்டார்.

கிண்ணத்தில் ஸ்பூனை முக்கி எடுத்து மனைவியின் உதட்டில் வைத்தார். அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்தார்.

"பதினோரு ஆர்டர்லயும் என் போன் நம்பர் எழுதியிருந்தேனேம்மா" என்றார்.